சொன்னது ஒன்று, காதில் விழுந்தது வேறொன்று: ஒலியொத்த ஆங்கிலச் சொற்களுக்குப் பிழை நீக்கும் வழிமுறை

'சிம்பிள்' என்று சொல்கிறீர்கள். எதிரில் இருப்பவர் சின்னம் என்று பொருள்படும் 'சிம்பல்' என்று எழுதிக்கொள்கிறார். இன்னும் உரக்கச் சொல்கிறீர்கள். மறுபடியும் சிம்பல்தான். சத்தத்தைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. தமிழ் பேசிப் பழகிய வாய்க்கு என்று சில ஒழுங்குகள் உண்டு. தமிழுக்கு அவை மிகச் சரியானவை. ஆங்கிலச் சொல்லிலும் வாய் அதே ஒழுங்கைத் தானாகப் போட்டுவிடும்போது இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடுகின்றன. எந்த ஒழுங்கு குறுக்கே வந்தது என்று கண்டுபிடித்துவிட்டால், ஒரு திருத்தத்தில் இருபது முப்பது சொற்கள் சேர்ந்தே சரியாகும். சொல் சொல்லாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் 'பி' என்ற பெயரில் நம் காதுக்கு இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. தமிழில் இரண்டையும் 'ப' என்றுதான் எழுதுகிறோம். அதனால் 'பல்' என்ற சொல்லில் வரும் ஒலியைப் பல்-ப என்றும், 'தம்பி'யில் வரும் ஒலியைத் தம்பி-ப என்றும் இங்கே குறிப்போம். இதைப் போலவே கல்-க, தங்கம்-க; பாட்டு-ட, வண்டி-ட.

முதலில்: உங்கள் பிழை எது?

கைபேசி விசைப்பலகையில் உள்ள மைக்கை அழுத்தி, மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சந்தேகப்படும் சொல்லைத் தனியாக, 3 விநாடி இடைவெளி விட்டு 10 முறை சொல்லுங்கள். 8 முறையாவது சரியாக விழுந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம். வாக்கியத்தில் வைத்துச் சொல்லாதீர்கள். சுற்றியுள்ள சொற்களை வைத்து மென்பொருள் ஊகித்துத் திருத்திவிடும், உங்கள் பிழை மறைந்துவிடும். மொழித் தேர்வில் இந்திய ஆங்கிலம், பிரிட்டிஷ் ஆங்கிலம், அமெரிக்க ஆங்கிலம் என்று தனித்தனியாக இருக்கும். இந்திய ஆங்கிலம் நம் உச்சரிப்புக்கு இடம் கொடுக்கும். வெளிநாட்டவரோடு பேசுவதற்காகப் பழகுகிறீர்கள் என்றால் மற்ற இரண்டில் ஒன்றில் சோதியுங்கள்.

அறிகுறி: மாமாவும் கணுக்காலும் கோணமும் ஒரே சொல்லாகக் கேட்கின்றன

தமிழரின் ஆங்கிலத்தில் அதிகம் குழப்பம் உண்டாக்குவது இதுதான். ஆனால் பயிற்சி வகுப்புகளில் இதைப் பற்றிப் பேசுவது குறைவு. தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, தம்பி என்று சொல்லிப் பாருங்கள். மெல்லின மெய்யை அடுத்து வரும் வல்லினம் ஒவ்வொரு முறையும் குழைந்துவிடுகிறது. 'தங்கம்' என்பதில் கல்-க ஒலியைப் போட்டுச் சொல்ல வாயே வராது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலியும் வரும். இரண்டுக்கும் பொருள் வேறு.

மாமாவைக் குறிக்கும் 'அங்கிள்' கல்-க ஒலியில் வரும். கணுக்காலைக் குறிக்கும் 'ஆங்கிள்' அதிலும் கல்-க. உயிர் மட்டும் வாய் அகன்றது. கோணத்தைக் குறிக்கும் 'ஆங்கிள்' அதே அகன்ற உயிர், ஆனால் தங்கம்-க. மருத்துவரிடம் கணுக்கால் வலிக்கிறது என்று சொல்லும் இடத்தில் இந்த ஒரு 'க' முக்கியம். நங்கூரத்தையும் நிகழ்ச்சி நடத்துபவரையும் குறிக்கும் 'ஆங்கர்' கல்-க; கோபத்தைக் குறிக்கும் 'ஆங்கர்' தங்கம்-க. எளிமை என்ற 'சிம்பிள்' பல்-ப, சின்னம் என்ற 'சிம்பல்' தம்பி-ப. மையம் என்ற 'சென்டர்' பாட்டு-ட, அனுப்புநர் என்ற 'செண்டர்' வண்டி-ட.

அலுவலகத்தில் இந்தக் குழப்பம் காலத்தையே மாற்றிவிடும். அனுப்பிவிட்டேன் என்பதற்கான 'சென்ட்' பாட்டு-ட ஒலியில் முடிகிறது. அனுப்பு என்பதற்கான 'செண்ட்' வண்டி-ட ஒலியில். செலவழித்தேன், செலவழி, கடன் கொடுத்தேன், கடன் கொடு என்ற இணைகளும் இப்படித்தான். வேலை முடிந்துவிட்டதா, இனிமேல்தானா என்பதே இந்த ஒலியில்தான் இருக்கிறது.

திருத்தும் முறை இது. சொல்லை மெல்லின மெய்யோடு வெட்டுங்கள்: 'சிம்'. ஒரு விநாடி நிறுத்துங்கள். பிறகு 'பல்' என்று சொல்லும்போது வரும் அதே ப-வோடு 'பிள்' என்று சொல்லுங்கள். நிறுத்தத்தை அரை விநாடியாக்குங்கள், பிறகு கால் விநாடி, பிறகு சேருங்கள். சேர்க்கும்போது குழைந்துவிட்டால் ஒரு படி பின்னால் போய் மறுபடி தொடங்க வேண்டும். கூடவே ஒரு துணைக்குறிப்பு: வல்லோசைக்கு முன்னால் மெல்லினம் குறுகும், குழைந்த ஓசைக்கு முன்னால் நீளும். அனுப்பினேன் என்பதில் 'ன்' சட்டென்று முடிகிறது. அனுப்பு என்பதில் இழுபடுகிறது. ஆங்கிலக் காது அந்த நீளத்தையும் கவனித்துத்தான் முடிவு செய்கிறது.

இதன் மறுபக்கம் 'திங்க்', 'திங்'. நினை என்பதில் ங்-க்குப் பின் கல்-க உண்டு. பொருள் என்பதில் ங் மட்டும்தான். அதற்குப் பின் எந்தக் க-வும் கிடையாது. பாடகர் என்ற 'சிங்கர்' ங்-ஓடு நின்று உயிருக்குத் தாவும், கிட்டத்தட்ட 'சிங்-அர்'. விரல் என்ற 'ஃபிங்கர்' தங்கம்-க ஒலியோடு வரும். எழுத்தை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பாடு என்ற வினையோடு 'செய்பவர்' என்ற விகுதி ஒட்டியதால் பாடகரில் க இல்லை. விரலில் அப்படி எதுவும் ஒட்டவில்லை.

அறிகுறி: 'பின் நம்பர்' என்றால் குப்பைத்தொட்டி என்று புரிகிறது

சொல்லின் தொடக்கத்தில் வரும் பிழை இது. 'பஸ்', 'பேங்க்' என்று தம்பி-ப ஒலியில் தொடங்க நமக்கு நன்றாகவே வரும். தடுமாறுவது பல்-ப பக்கம். தமிழில் பல், கல் என்று சொல்லும்போது மூச்சு வெளியே தள்ளுவதில்லை. ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசையின் தொடக்கத்தில் பல்-ப, பாட்டு-ட, கல்-க மூன்றும் ஒரு மூச்சுத் தள்ளலோடு வரும். அந்த மூச்சு இல்லாவிட்டால் ஆங்கிலக் காது அதைத் தம்பி-ப என்று கணக்கில் எடுத்துக்கொள்ளும். மேலங்கி என்ற 'கோட்' ஆடாகிவிடும், நகரம் என்ற 'டவுன்' கீழே என்றாகிவிடும், மூட்டை கட்டு என்ற 'பேக்' முதுகாகிவிடும்.

மெல்லிய காகிதம் ஒன்றை உதட்டுக்கு முன் 5 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிடுங்கள். 'பல்' என்று சொன்னால் காகிதம் அசையாது. பேனாவைக் குறிக்கும் 'பென்' சொல்லும்போது படபடக்க வேண்டும். 'ஸ்' முன்னால் வந்தால் மட்டும் மூச்சு வேண்டாம்: 'ஸ்பின்', 'ஸ்டோன்', 'ஸ்கூல்' மூன்றுக்கும் தமிழ் வல்லினமே போதும். எல்லா இடத்திலும் மூச்சைத் தள்ளிவிட்டால் அதுவும் செயற்கையாகத்தான் கேட்கும்.

அறிகுறி: சொல்லின் கடைசி ஒலி தெளிவாக விழவில்லை

தொப்பியா வாடகைக் காரா, இருக்கையா விதையா, வலதா சவாரியா என்று கேட்கிறார்கள். கடைசி மெய்யை இன்னும் அழுத்திச் சொல்வோம். அழுத்தினால் 'கேப்பு', 'சீட்டு' என்று ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். குற்றியலுகரம் நம் நாக்கோடு பிறந்தது. ஆனால் ஆங்கிலக் காதுக்கு அது ஓர் அசையைக் கூட்டிவிடுகிறது.

கடைசி மெய்யை விட்டுவிட்டு அதற்கு முந்தைய உயிரைக் கவனியுங்கள். வாடகைக் காரில் உயிரை நீட்டுங்கள், தொப்பியில் வெட்டுங்கள். விதை என்ற 'சீட்'டில் ஈகாரம் நீளும், இருக்கை என்ற 'சீட்'டில் அதே ஈகாரம் பாதி அளவுதான். நீளத்தைச் சரியாக வைத்தால் கடைசி மெய் அரைகுறையாக இருந்தாலும் கேட்பவருக்குப் புரிந்துவிடும். மெய்யில் வாய் மூடியதும் அப்படியே நில்லுங்கள். திறந்தால் உகரம் வரும்.

அறிகுறி: மேற்கும் உள்சட்டையும் ஒன்றாகின்றன

தமிழின் 'வ' ஆங்கிலத்தின் 'வி', 'டபிள்யூ' இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதனால் இரண்டு பக்கமும் தவறாகவே விழுகிறது. கால்நடை மருத்துவர் என்ற 'வெட்', ஈரம் என்ற 'வெட்'; கொடி என்ற 'வைன்', திராட்சை மது என்ற 'வைன்'; கவிதை வரி என்ற 'வர்ஸ்', இன்னும் மோசம் என்ற 'வர்ஸ்'; நச்சுப் பாம்பு என்ற 'வைப்பர்', கார் கண்ணாடியைத் துடைக்கும் 'வைப்பர்'.

கண்ணாடி முன் நில்லுங்கள். 'வி'க்கு மேல்பற்கள் கீழுதட்டைத் தொட்டு, காற்று உரசிக்கொண்டு வெளியேற வேண்டும். கீழுதட்டில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். 'டபிள்யூ'வுக்குப் பல் உதட்டில் படவே கூடாது. 'ஊ' என்று உதட்டைக் குவித்து அங்கிருந்து சொல்லுக்குள் போக வேண்டும். மேற்கு என்பதை 'ஊ-எஸ்ட்' என்று மெதுவாகச் சொல்லி, படிப்படியாக வேகத்தைக் கூட்டுங்கள். எழுத்தில் இல்லாமலேயே ஒலிக்கும் 'டபிள்யூ'வும் உண்டு: எண் 1-ன் பெயர் 'ஓ' எழுத்தில் தொடங்கினாலும் உதடு குவிந்துதான் தொடங்கும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அருமையான பயிற்சி இணை ஒன்று இருக்கிறது. தமிழ் நாளிதழ்கள் மைக்கேல் வாகன் என்றும் ஷேன் வார்னே என்றும் எழுதுகின்றன. இங்கிலாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பில் முன்னவர் பெயரில் க கிடையாது, பின்னவர் பெயரில் இறுதி ஏகாரமும் கிடையாது, ரகரமும் ஒலிக்காது. இரண்டுமே ஒரே அசை, கிட்டத்தட்ட 'வான்'. ஆகாரத்தை உதடு குவித்துச் சொல்ல வேண்டும். வேறுபாடு முதல் ஒலியில் மட்டும்: முன்னவருக்குப் பல் உதட்டில், பின்னவருக்கு உதடு குவிவு. ஸ்டீவ் வா, மார்க் வா சகோதரர்களின் பெயரில் இறுதியில் உள்ள 'ஜி-எச்' ஊமை. போர் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை ஆஸ்திரேலியர் எப்படிச் சொல்வார்களோ அப்படியேதான் இந்தப் பெயரும்.

'எஃப்' பற்றிச் சுருக்கமாக: 'வி'க்கு வைத்த அதே வாய், குரல் மட்டும் இல்லை. பல் உதட்டைத் தொடாவிட்டால் அது ப. காபி குடிப்பது நகல் எடுப்பதாகிவிடும். 'ஃபைல்ஸ்' கோப்புகள், 'பைல்ஸ்' மூலநோய்; அலுவலகத்தில் இந்த ஒன்றை முதல் வாரமே சரிசெய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: சகர வரிசை முழுவதும் குழம்புகிறது

உறிஞ்சு, கப்பல், வறுவல் மூன்றும் 'சிப்' ஆகிவிடுவது ஒரு வகை. 'ஸ'வுக்கு நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால், உதடு விரிந்திருக்கும். 'ஷ'வுக்கு நாக்கு சற்றுப் பின்னால் போகும், உதடு முன்னால் குவியும். 'ச்ச' தொடங்கும்போது காற்று ஒரு கணம் முழுதாக அடைபட வேண்டும். 'ஸ', 'ஷ' இரண்டையும் மூச்சு உள்ளவரை நீட்டலாம். 'ச்ச'வை நீட்ட முடியாது. துவை என்ற 'வாஷ்', கைக்கடிகாரம் என்ற 'வாட்ச்'. பணம் என்ற 'கேஷ்', பிடி என்ற 'கேட்ச்' ஆகியவற்றை இந்தச் சோதனையில் பிரித்துவிடலாம். கடற்கரை என்ற 'பீச்', தாள் என்ற 'ஷீட்' இரண்டிலும் ஈகாரத்தைக் குறுக்காதீர்கள். குறுகினால் இரண்டும் வசைச்சொற்கள்.

இன்னொரு வகை 'இசட்' எழுத்தின் ஒலி. தமிழில் அதை 'ஜ' என்றோ 'ஸ' என்றோ சொல்கிறோம்; இரண்டும் இல்லை. தொண்டையில் கை வைத்து 'ஸ்ஸ்ஸ்' என்று இழுத்துக்கொண்டே குரலைக் கூட்டுங்கள், தேனீ ரீங்காரம் போல. கையில் அதிர்வு தெரிந்தால் அதுதான். இந்த ஒலி எஸ் எழுத்தின் பின்னாலேயே அதிகம் ஒளிந்திருக்கும். அறிவுரை என்ற பெயர்ச்சொல் 'ஸ' ஒலியில் முடிகிறது, அறிவுரை சொல் என்ற வினை ரீங்கார ஒலியில் முடிகிறது. 'லூஸ்' இரண்டு: ஓ எழுத்து ஒன்று மட்டும் உள்ளது இழப்பது, ரீங்கார ஒலி, ஓ எழுத்து இரண்டு உள்ளது தளர்ந்தது, 'ஸ' ஒலி. விலையும் பரிசும், பனிக்கட்டியும் கண்களும், அரிசியும் எழுச்சியும் இதே வேறுபாட்டில்தான் நிற்கின்றன.

அறிகுறி: மூன்று மரமாகிறது, நன்றி தொட்டியாகிறது

நாம் 'தேங்க்ஸ்' என்று பல்லில் நாக்கு வைத்துச் சொல்வது நமக்குள் தெளிவாகவே புரியும். ஆங்கிலக் காதுக்கு அந்த த் பாட்டு-ட போலவே விழும், ஏனென்றால் நம் த காற்றை அடைத்துத் திறக்கிறது. 'டி-எச்' ஒலியில் காற்று அடைபடக் கூடாது. நாக்கு நுனி இரு பல் வரிசைக்கும் நடுவில் இலேசாக வெளியே தெரிய வேண்டும், காற்று கசிந்துகொண்டே இருக்க வேண்டும். 2 விநாடி நீட்டிப் பாருங்கள். நீட்ட முடிந்தால் சரி. நின்றுபோனால் அது தமிழ் த. நம்பிக்கை என்ற 'ஃபெய்த்'தும் விதி என்ற 'ஃபேட்'டும், இரண்டும் என்ற 'போத்'தும் படகு என்ற 'போட்'டும், பத்தாவதும் கூடாரமும் இதில் பிரியும்.

இதற்கு எதிரில் இருக்கும் 'டி' ஒலியும் நம் ட இல்லை. நம் ட-வுக்கு நாக்கு மேலே வளைந்து பின்னால் போகிறது. ஆங்கிலத்தில் நுனி மேல்பற்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள மேட்டில் தட்டுகிறது. 'அவன்' என்று சொல்லி ன்-இல் நாக்கை நிறுத்துங்கள். அந்த இடத்திலிருந்தே வெடிக்கவிட்டால் ஆங்கில 'டி'. யாழ்ப்பாணத் தமிழில் 'பற்றி', 'காற்று' என்பவற்றில் வரும் ற்ற அதே இடத்தில்தான் ஒலிக்கிறது. அதனால்தான் ஈழத் தமிழர்கள் டொரன்டோவை 'ரொறன்ரோ' என்றும் டிக்கெட்டை 'ரிக்கற்' என்றும் எழுதுகிறார்கள். ஆங்கில ஒலிக்கு அந்த எழுத்து முறை நம்முடையதைவிட நெருக்கமானது.

அறிகுறி: ஆணும் ஆண்களும், கூடமும் ஓட்டையும்

'மேன்', 'மென்' என்று நாம் நீளத்தில் வேறுபடுத்துகிறோம். ஆங்கிலத்தில் தாடை இறங்குவதில் வேறுபாடு இருக்கிறது. ஆண்களுக்கு வாய் ஒரு விரல் நுழையும் அளவு திறந்தால் போதும். ஓர் ஆணுக்கு இரண்டு விரல், ஒன்றன்மேல் ஒன்றாக. கெட்டதும் படுக்கையும், பையும் கெஞ்சுவதும், மணலும் அனுப்புவதும் இதே இரண்டு விரல், ஒரு விரல் கணக்குதான். 'சொன்னார்' என்பதற்கான சொல்லை 'செய்ட்' என்று இழுக்க வேண்டாம், குறில் எகரத்தில் 'செட்'. புதைப்பது என்ற வினையை எழுத்தைப் பார்த்து 'பரி' என்கிறார்கள். அது 'பெரி', பழத்தின் பெயரோடு ஒலியில் முழுக்க ஒன்று.

'ஹால்', 'கால்', 'லா' என்று நாம் ஆகாரத்தில் சொல்லும் கூடம், அழைப்பு, சட்டம் மூன்றுக்கும் தாடை ஆ-வுக்கு, உதடு ஓ-வுக்கு. ஓட்டை, நிலக்கரி, தாழ்வு மூன்றும் ஓ-வில் தொடங்கி உ-வை நோக்கி நகரும். பந்து வீசுபவரைத் தமிழில் பவுலர் என்றே சொல்கிறோம், அது நம் மொழியில் ஊன்றிவிட்டது. ஆங்கிலத்தில் பேசும்போது 'போலர்'. கிண்ணமும் 'போல்'தான்.

புழு, வெதுவெதுப்பு என்ற இணைக்கு எழுத்திலேயே விதி இருக்கிறது. 'டபிள்யூ-ஓ-ஆர்' என்று வந்தால் பறவை என்ற 'பர்ட்'டில் வரும் உயிர்: சொல், உலகம், புழு, வேலை, மோசம், வழிபாடு. 'டபிள்யூ-ஏ-ஆர்' என்று வந்தால் உதடு குவிந்த ஆகாரம்: போர், மருத்துவமனை வார்டு, வெதுவெதுப்பு, எச்சரிக்கை, விருது. எழுத்தைப் பார்த்தால் நேர்மாறாகச் சொல்லத் தோன்றும், அதனால்தான் வெதுவெதுப்பு புழுவாகிறது. வாள், தேய்ந்த என்ற இரண்டும் விலக்கு. அவை குவிந்த ஆகாரத்தோடே போகும்.

அறிகுறி: காது ஆண்டாகிறது, விளையாட்டு ஆதரவாகிறது

சொல்முதல் எகரத்துக்கு முன் ஒரு யகரமும் ஒகரத்துக்கு முன் ஒரு வகரமும் தமிழில் தானே முளைக்கும். 'எம்.எல்.ஏ.' பேச்சில் 'யெம்மெல்லே' ஆவது இதனால்தான். இகரத்துக்கும் இது ஒட்டிக்கொள்வதுண்டு. காது, ஆண்டு; கிழக்கு, ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்; கருவாலி மரம் என்ற 'ஓக்', விழித்தெழுந்தான் என்ற 'வோக்' ஆகிய இணைகள் அடிபடும். உயிரில் தொடங்குவதற்கு முன் தொண்டையை ஒரு கணம் மூடி, இருமலுக்கு முந்தைய அடைப்பு போல வைத்துக்கொண்டு திறங்கள்.

மெய்கள் சேர்ந்து வரும்போது நடுவில் உகரம் நுழைத்தால் 'ஸ்போர்ட்' 'சப்போர்ட்' ஆகும். முன்னால் இகரம் வைத்தால் 'ஸ்டேட்' 'எஸ்டேட்' ஆகும். 'ஸ்' என்பதை 2 விநாடி இழுத்து நேரே அடுத்த மெய்யில் இறங்குவதுதான் மருந்து.

அறிகுறி: ஒலி எல்லாம் சரி, ஆனாலும் புரியவில்லை

அப்படியானால் அழுத்தம் இடம் மாறியிருக்கிறது. தமிழில் அசைகளை ஏறத்தாழச் சமமாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை உயர்ந்து நீளும், மற்றவை சுருங்கும். வாழ்க்கைத் தொழில் என்ற சொல்லை 'கேரியர்' என்று சொன்னால் கேட்பவர் மனத்தில் சாப்பாட்டு அடுக்குதான் வரும். தொழிலுக்கு இரண்டாவது அசையில் அழுத்தம், முதல் அசை கிட்டத்தட்ட விழுங்கப்படும்: 'க-ரீர்'. தூக்குச்சட்டிக்கு முதல் அசை.

'டெசர்ட்' என்பதில் பாலைவனத்துக்கு முதல் அசையில் அழுத்தம், உணவுக்குப் பின் வரும் இனிப்புக்கு இரண்டாவதில். பாலைவனத்தின் அதே எழுத்துகளில் 'கைவிடு' என்ற வினை வந்தால், இனிப்பைப் போல ஒலிக்கும். மூன்றிலும் நடு 'எஸ்' ரீங்கார ஒலி. 'இன்வாலிட்' முதல் அசையில் அழுத்தினால் நடமாட முடியாத நோயாளி, இரண்டாவதில் அழுத்தினால் செல்லாதது. சொந்த என்ற 'பெர்சனல்' முதல் அசையில், ஊழியர்கள் என்ற 'பெர்சனெல்' கடைசி அசையில்.

13-க்கும் 30-க்கும், 15-க்கும் 50-க்கும் இடையிலுள்ள குழப்பம் பண விஷயத்தில் வருவதால் தனியாகக் கவனிக்க வேண்டும். 13-க்கு அழுத்தம் பின்னசையில், 30-க்கு முன்னசையில் என்று பாடநூல் சொல்கிறது. ஆனால் பின்னால் வேறொரு சொல் வந்தால் 13-இன் அழுத்தமும் முன்னால் நகர்ந்துவிடும். எனவே இறுதி 'ன்'-ஐ விடாமல் நீட்டுங்கள், அதற்கு மேலும் இலக்கங்களைப் பிரித்துச் சொல்லுங்கள்: 'ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்'.

அறிகுறி: உச்சரிப்பு சரி, எழுத்தில் தவறு

இது வாயில் தீராது. ஒலி முழுக்க ஒன்று, எழுத்தும் பொருளும் வேறு. 'பிரின்சிபல்' என்று முதல்வரையும் கடன் அசலையும் எழுதும்போது கடைசி எழுத்துகள் 'பி-ஏ-எல்'. 'பள்ளி' என்ற தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதினால் தொடங்கும் அதே மூன்று எழுத்துகள் என்று நினைவில் வைக்கலாம். கொள்கை என்பது 'பி-எல்-இ'. 'ஸ்டேஷனரி'யின் முடிவில் எழுதுபொருளுக்கு 'இ', அஞ்சல் உறையின் ஆங்கிலப் பெயர் தொடங்கும் எழுத்து. அசையாமல் நிற்பதற்கு 'ஏ'. 'காம்ப்ளிமென்ட்'டின் நடுவில் நிறைவாக்குவதற்கு 'இ', பாராட்டுக்கும் இலவசத்துக்கும் 'ஐ'. படைத்துறைக் கர்னலும் பருப்பின் உள்விதையும் ஒலியில் ஒன்றே. அந்தப் பதவிப் பெயர் இத்தாலியில் லகரத்தோடும் பிரெஞ்சில் ரகரத்தோடும் இருந்தது; ஆங்கிலம் எழுத்தை ஒன்றிலிருந்தும் ஒலியை மற்றொன்றிலிருந்தும் வைத்துக்கொண்டது. கடனின் ஆங்கிலச் சொல்லில் வரும் 'பி' ஒலித்ததே இல்லை; லத்தீன் மூலத்தைக் காட்டப் பின்னாளில் சேர்த்தார்கள்.

நேர்மாறாக, ஒரே எழுத்து இரண்டு ஒலி: வழிநடத்து 'லீட்', ஈயம் 'லெட்'. வழிநடத்தினான் என்பதும் 'லெட்'தான், ஆனால் 'ஏ' இல்லாமல் எழுத வேண்டும். கண்ணீர் 'டியர்', கிழி 'டேர்'. நிமிடம் 'மினிட்', மிக நுண்ணிய 'மைன்யூட்'.

அறிகுறி: ஊர்ப் பெயர், ஆள் பெயர் சொன்னால் திருத்துகிறார்கள்

இங்கிலாந்து ஊர்களில் 'செஸ்டர்' போல எழுதி 'எச்' இல்லாமல் இருந்தால் நடு அசை மறையும்: லெஸ்டர், குளோஸ்டர், வுஸ்டர். சைரன்செஸ்டரில் மட்டும் முழுதாகச் சொல்கிறார்கள். மான்செஸ்டரில் 'எச்' இருப்பதால் மறையாது. நாம் கிரீன்விச் என்று எழுதுவது அங்கே 'கிரெனிச்', தேம்ஸ் 'டெம்ஸ்'; ஸ்காட்லாந்தின் எடின்பர்க் 'எடின்பரா'. தமிழில் எழுதும்போது நம் வழக்கே இருக்கட்டும். ஆங்கிலத்தில் வழி கேட்கும்போது அவர்கள் வழக்கு வேண்டும்.

அமெரிக்காவில் கேன்சஸ், ஆர்கன்சா இரண்டும் எழுத்தில் ஏறத்தாழ ஒன்று. பின்னதில் கடைசி 'எஸ்' ஊமை. இதில் அங்கேயே சண்டை வந்து, 1881-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு உச்சரிப்பை முடிவு செய்தது. டெக்சஸ் நகரம் 'ஹ்யூஸ்டன்', அதே எழுத்துகள் கொண்ட நியூயார்க் தெரு 'ஹவுஸ்டன்'.

ஆள் பெயரில் விதி ஓரளவுக்குத்தான் உதவும். 'சீன்' என்று எழுத்துக்கூட்டத் தோன்றும் ஐரிஷ் பெயர் 'ஷான்'. கிரஹாம் என்று நாம் சொல்வது 'க்ரேயம்'. ஜோவான் என்று படிக்கத் தோன்றும் பெண் பெயர் பெரும்பாலும் ஒரே அசையில் 'ஜோன்'. 'பி-எச்' போட்டு எழுதும் ஸ்டீபன் வழக்கமாக 'ஸ்டீவன்', ஆனால் கூடைப்பந்து வீரர் கரி 'ஸ்டெஃபன்'. எனவே பெயருக்கு உரியவரிடமே, உங்கள் பெயரை எப்படிச் சொல்வது என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல; மூன்று மாதம் தவறாகச் சொல்லிவிட்டுக் கேட்பதுதான் சங்கடம்.

அறிகுறி: தொலைபேசியில் எழுத்துக்கூட்டினாலும் தவறாக எழுதுகிறார்கள்

எழுத்துகளின் பெயர்களிலேயே கோளாறு இருக்கிறது. 'இசட்' என்பது தென்னிந்தியாவுக்கு வெளியே பலருக்குப் புரியாது. பிரிட்டிஷ் வழக்கில் அது 'ஸெட்', அமெரிக்காவில் 'ஸீ', இரண்டிலும் ரீங்கார ஒலி. 'ஹெச்', 'எச்' என்று சொல்வதை 'எய்ச்' என்று நீட்டுங்கள். இரண்டு 'பி', 'டி', 'ஜி', 'வி' எல்லாம் ஈகாரத்தில் முடிவதால் தொலைபேசியில் ஒன்றாகவே விழும். இதற்காகத்தான் பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கான எழுத்துக்கூட்டு முறை 1956 முதல் நடைமுறையில் இருக்கிறது. பல்-ப எழுத்துக்கு பாப்பா, தம்பி-ப எழுத்துக்கு பிராவோ, 'வி' விக்டர், 'டபிள்யூ' விஸ்கி, பாட்டு-ட டேங்கோ, வண்டி-ட டெல்டா, 'எஃப்' ஃபாக்ஸ்ட்ராட், 'எஸ்' சியெரா, 'எம்' மைக், 'என்' நவம்பர், 'இசட்' ஸூலு. அந்தப் பட்டியலில் ஆல்ஃபா 'எஃப்' எழுத்தோடும் ஜூலியட் இரண்டு 'டி'யோடும் எழுதப்படுகின்றன. பிற மொழிக்காரர்கள் தவறாகப் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே. எண்களில் 9 'நைனர்' ஆனது 5-ஓடு குழம்பாமல் இருக்க. 3-க்கு அந்த முறை தரும் உச்சரிப்பு 'ட்ரீ'. 'டி-எச்' ஒலி உலகில் பலருக்கு வராது என்பதை விதியிலேயே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் இந்த முறையில் ஒரு தாளில் எழுதி, தொலைபேசி பக்கத்தில் ஒட்டிவையுங்கள். வெற்றிவேல் என்றால் விக்டர், எக்கோ, டேங்கோ என்று தொடங்கும். ஒவ்வொரு 3 எழுத்துக்கும் ஒரு முறை நிறுத்தி, எதிரில் இருப்பவர் திருப்பிச் சொன்ன பிறகு அடுத்த 3-க்குப் போங்கள்.